நுரை வராத சவர்க்காரம்

என் முகத்துக்கு என்னைக் கேட்டு நடக்கும் பழக்கம் கிடையாது. வெட்கப்பட்டுச் சிவந்தால் ஒரு நியாயம் உண்டு, கோபப்பட்டுச் சிவந்தாலும் ஒத்துக்கொள்ளலாம். என் முகமோ தேத்தண்ணியைச் சூடாகக் குடித்தால் சிவக்கும், மிளகாய்ச் சம்பல் தொட்டுக்கொண்டால் சிவக்கும், அடுப்புப் பக்கம் போனால் சிவக்கும். சரி, சூடுதான் ஆகாது போலிருக்கிறது என்று வெளியே வந்து நின்றால் குளிர்காற்று பட்டும் சிவக்கும். இரண்டு கன்னமும் மூக்கும்தான் அதன் ராஜ்யம். நான் மாநிறம். மாநிறத்தில் சிவப்பு ஏறினால் ரோஜாப்பூ நிறமெல்லாம் வராது. புளி போட்டுத் தேய்த்த செம்புச் சட்டி நிறம் வரும். அதன்மேல் பொடிப்பொடியாகப் பருக்கள் கிளம்பும், எரிச்சல் வேறு.

இன்றைக்கு இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. மருந்துக்கடையில் இந்த மாதிரி முகங்களுக்கென்றே தனியாக ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில், மலாய் நாட்டு மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், இதற்கு ஒரே பெயர்தான் இருந்தது. சம்சு.

சம்சு என்றால் சீனர் கடையில் தட்டைப் புட்டியில் விற்கும் மலிவுச் சாராயம். எங்கள் தோட்டத்து ஆண்பிள்ளைகளில் அதைத் தொடாதவர்கள் கைக்குழந்தைகளும் பிள்ளையாரும்தான். குடித்துக் குடித்துச் சில வருஷத்தில் மூக்கும் கன்னமும் சிவந்து தடித்துவிடும். அதனால் தோட்டத்தில் எல்லாருக்கும் முகம் பார்த்தே கணக்குச் சொல்லத் தெரியும். பெண்களும் குடித்தார்கள். குளிரும் முதுகுவலியும் ஆண் பெண் பார்த்தா வருகிறது. ஆனால் ஆண் குடித்தால் ‘பாவம், உடம்பு அலுப்பு’ என்பார்கள். பெண் குடித்தால் அவள் வீட்டு வாசலில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

நான் தோட்டத்து ஆயா. ஆயா என்றதும் நரைத்த தலை ஒன்று உங்கள் கண்ணில் வந்து நின்றால் அதற்கு நான் பொறுப்பல்ல. எனக்கு அப்போது இருபத்து சொச்சம் வயது. வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்கும் பெரட்டுக் களத்துக்கும் நடுவில் இருந்த தகரக் கொட்டகைதான் என் ஆட்சிப் பகுதி. தாய்மார்கள் விடியும் முன்னே பிள்ளைகளைப் போர்வையில் சுருட்டிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, பெயர் கூப்பிடும் அந்தப் பெரட்டுக்கு ஓடுவார்கள். அங்கிருந்து கொழுந்தெடுக்க மலைக்குப் போவார்கள். அவர்கள் திரும்பி வரும் வரைக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் தாயும் நான்தான், தகப்பனும் நான்தான், போலீசும் நான்தான்.

அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிள்ளைகள் என் முகத்தைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. ஏணையை ஆட்டினால் தூங்கும், ஆட்டாவிட்டால் கத்தும், அவ்வளவுதான் அவர்கள் வழக்கு. அதோடு, அந்த வேலை போனால் எனக்கு மிச்சம் இருந்தது மலை ஒன்றுதான். அதற்கு முன் ஒரு வருஷம் நான் கொழுந்தெடுத்திருக்கிறேன். வெயிலும் காற்றும் பட்டு ராத்திரி கன்னத்தைத் தலையணையில் வைக்க முடியாது. மல்லாந்து படுத்துக்கொண்டு தகரக் கூரையைத் திட்டிக்கொண்டிருப்பேன். ஆயா வேலை கிடைத்த அன்று நான் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெட்டதும் அந்தக் கொட்டகையில்தான் ஆரம்பித்தது. எங்கள் மலையில் யாரும் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவ மாட்டார்கள். ஒவ்வொரு லைனுக்குப் பின்னாலும் ஒரு எண்ணெய் டிரம், அடியில் விறகு, மேலே கொதிக்கிற தண்ணீர். அம்மா அதிலிருந்து ஒரு வாளி மொண்டு தருவாள். ஆவி பறக்கும். அதில் முகத்தைக் காட்டி, துணி துவைக்கிற கட்டிச் சவர்க்காரத்தைப் போட்டு, பீர்க்கங்காய் நாரால் தேய்க்க வேண்டும். தோல் கிறீச்சென்று சத்தம் போட்டால்தான் அழுக்குப் போயிற்று என்பது அம்மாவின் சட்டம். அதற்கு மேல் ஒரு கோப்பைத் தேத்தண்ணி, சூடாக. அதற்கு மேல் கொட்டகைக்குப் போய் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சுவது. தாய்மார்கள் பிள்ளைகளோடு வாசலில் வந்து நிற்கும் நேரத்துக்கு என் முகம் உச்சத்தில் இருக்கும். இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது யாருக்குத் தெரியும்.

கங்காணி பெண்டாட்டியை நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி என்றாலும் அவளும் மலைக்குப் போகிறவள்தான். கெட்டிக்காரி, வாய்க்காரி. அவளுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண்குழந்தை, நெஞ்சில் சளி இழுக்கிற குழந்தை. ஒருநாள் காலை அதை என் கையில் கொடுக்க வந்தவள், கொடுக்காமல் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னடி இது, காலங்காத்தாலயே மூஞ்சி இப்படி இருக்கு?”

“அடுப்புச் சூடுக்கா.”

“அடுப்பு எங்க வீட்லயுந்தான் இருக்கு. எனக்கு மூக்கு சிவக்கலியே.”

“எனக்கு அப்படித்தான்க்கா, சின்ன வயசுலேர்ந்து.”

“சின்ன வயசுலேர்ந்தேவா?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் செய்தி தோட்டம் முழுக்கப் போய்விட்டது. காய்கறி லாரிக்காரன் எங்கள் ரோட்டில் நின்று இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனதால் சாயங்காலம் கம்போங் ராஜா ஊருக்கும் போயிருக்கும். சின்ன வயதிலிருந்தே குடிக்கிறேன், பாலில் கலந்து கொடுத்துத்தான் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறேன் என்று பேச்சு. என் பிள்ளைகள் ஏன் அவ்வளவு நன்றாகத் தூங்குகின்றன என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை, நான் தொண்டை வற்றப் பாடுகிறேன் என்பதையும் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் நாலைந்து ஏணை காலியாக ஆடியது. அடுத்த வாரம் பாதிக் கொட்டகை காலி. அந்தப் பிள்ளைகளை எல்லாம் தாய்மார்கள் முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். முதுகு வலித்தால் கூடையில் படுக்கவைத்து, தேயிலைச் செடிக்கு அடியில் வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக்கைப் போட்டு மூடினார்கள். எங்கள் மலையில் மழை எப்போது வரும் என்று மழைக்கே தெரியாது. கங்காணி வீட்டுக் குழந்தை இருமுகிற சத்தம் கீழே ரோடு வரைக்கும் கேட்டது என்று சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைப் பேசியதைக்கூட விட்டுவிடலாம். சளிப் பிள்ளையை ஈரத்தில் போட்டுவிட்டு என்னைக் குடிகாரி என்கிறாளே என்று அம்மாவிடம் கத்தினேன்.

“கத்தாதடி. மொதல்ல மூஞ்சியச் சரி பண்ணு. மூஞ்சி சரியானா வாய் தானா மூடிக்கும்,” என்றாள் அம்மா.

அதன்பிறகு என் முகத்தின் மேல் நடந்ததை ஒரு போர் என்றே சொல்ல வேண்டும். முதலில் மஞ்சளும் எலுமிச்சம்பழமும். எலுமிச்சம்பழம் பட்டதும் நான் லைனைச் சுற்றி ஓடினேன். பிறகு சிவப்புக் கார்பாலிக் சவர்க்காரம், கக்கூஸ் கழுவினது போல் வாசம் வருமே, அது. பிறகு சீன மருந்துக்கடையில் ஒரு கந்தகச் சவர்க்காரம். அதைப் போட்டால் முகம் வாணலி அடியாகக் காய்ந்து, சிரித்தால் வெடித்தது. நான் சிரிக்கவில்லை என்பது வேறு விஷயம். அரிசி மாவு உருண்டையைக் கரைத்துப் பூசுகிற மலாய்க்காரர்களின் பெடாக் செஜுக் மட்டும்தான் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் அம்மா அதைக் கழுவுவதற்கு மறுபடியும் பீர்க்கங்காய் நாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கடைசியாகத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டர் மாதத்துக்கு ஒருதரம் வருவார். மற்ற நாளெல்லாம் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர்தான். நல்ல மனுஷன். அவரிடம் மூன்று மருந்துகள் இருந்தன, உலகத்தில் உள்ள எல்லா வியாதியையும் அந்த மூன்றில் ஒன்றுக்குப் பொருத்திவிடுவார். என்னைப் பார்த்தார், யோசித்தார், ஊதா மருந்தை எடுத்தார். பஞ்சில் தோய்த்து இரண்டு கன்னத்திலும் மூக்கிலும் பூசிவிட்டார்.

“கழுவாத. மூணு நாளு இருக்கட்டும்.”

“இப்படியே கொட்டகைக்குப் போவணுமே சார்.”

“போ. யாரு பாக்கப் போறா, புள்ளைங்கதானே?”

யார்தான் பார்க்கவில்லை? ஊதா மூஞ்சியோடு மறுநாள் காலை வாசலில் நின்றேன். மிச்சம் இருந்த பிள்ளைகளில் இரண்டு என்னைப் பார்த்ததும் வீரிட்டு அழுதன. நேற்று ராத்திரி ஆயா குடித்துவிட்டுப் படியில் விழுந்து முகம் கன்றிப்போயிருக்கிறது என்று பெரட்டில் பேசிக்கொண்டார்கள். எந்தப் படி என்பதுகூடத் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

ஊதாச் சாயம் போன அந்த வாரக் கடைசியில் ஆபீசிலிருந்து ஆள் வந்தது, துரை கூப்பிடுகிறார் என்று. எங்கள் துரை அப்போதும் வெள்ளைக்காரர்தான். நாடு சுதந்திரம் வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆபீஸ் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிராணி. கிராணி என்றால் ஆபீஸ் கணக்கர். துரைக்கு முன்னால் மூச்சுவிடுவதற்குக்கூட அனுமதி வாங்குகிறவர். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும். அதாவது உத்தரவு போடுகிற அளவுக்குத் தெரியும்.

“நீ குடிக்கிறதா?” என்றார்.

“இல்ல துரை.”

“பொய் சொல்றதா?”

“இல்ல துரை.”

துரை முன்னால் நின்றால் அவர் காலணியைப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். எனக்கு இருந்த எரிச்சலில் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். பார்த்தால், அது என் முகம். அதே கன்னம், அதே மூக்கு, அதே பொடிப் பருக்கள், மூக்கோரத்தில் அதே மெல்லிய நரம்புக் கோடுகள். எனக்குச் செம்புச் சட்டி நிறம், அவருக்கு மாதுளை நிறம். வித்தியாசம் அவ்வளவுதான். இத்தனை வருஷமாகத் தோட்டத்தில் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு ‘வெள்ளைக்காரத் தோல், வெயில் தாங்காது, பாவம்’ என்று பரிதாபப்பட்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் சம்சுவாம்.

“துரை குடிக்கிறதா?” என்று கேட்டேன்.

கிராணி இருமினார். அந்த இருமல் சீக்கிரத்தில் நிற்கவில்லை. துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலை போயிற்று, அம்மாவையும் லைன் வீட்டிலிருந்து கிளப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேட்டதைத் திரும்ப வாங்கவும் மனசு வரவில்லை.

“குடிக்கிறது,” என்றார் துரை. “ஆனா மூஞ்சி அதனால இல்லை. எங்கம்மாவுக்கும் இருந்திச்சு. அம்மா கோயிலுக்குப் போறது, தேத்தண்ணி குடிக்கிறது. வேற ஒண்ணும் குடிக்கிறது இல்லை.” தன் மூக்கைத் தொட்டுக்காட்டினார். “இது பேரு ரோசேசியா.”

பெயர் பூந்தோட்டத்துச் செடி மாதிரி நன்றாகத்தான் இருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் முகத்துக்குச் சம்சு அல்லாத ஒரு பெயர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மூக்கைத் துடைத்தேன், அது இன்னும் சிவந்தது.

“என்ன சவுக்காரம் போடுறது?” என்றார்.

“துணி துவைக்கிற கட்டி, துரை.”

துரை கண்ணை மூடிக்கொண்டார். “நீ துணியா?”

“இல்ல துரை.”

“தண்ணி?”

“டிரம் தண்ணி. கொதிக்கிறது.”

“ஐயோ,” என்றார் சுத்தமான தமிழில். பிறகு விரலை மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். நுரை வருவது வேண்டாம், வாசனை வருவது வேண்டாம், எரிவது வேண்டாம், சூடு வேண்டாம், தேய்ப்பது வேண்டாம்.

“அப்ப என்னதான் துரை வேணும்?”

“ஒண்ணும் செய்யாதது வேணும்,” என்றார்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, மறுநாள் பெரட்டில் அத்தனை பேர் முன்னாலும் நின்று, ஆயா குடிப்பதில்லை, அது தோல் வியாதி, எனக்கும் அதுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். துரையின் பங்களாவிலிருந்து வாரத்துக்கு எத்தனை காலிப் புட்டி வெளியே வருகிறது என்று தோட்டத்தில் தெரியாதவர்கள் இல்லை. கூட்டம் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு பின்வரிசையில் யாரோ, “அது சரி, ரெண்டு பேருக்கும் ஒரே வியாதின்னா ஒரே புட்டிதான்லா,” என்றார்கள். அதற்கு மறுநாள் கொட்டகையில் நாலே பிள்ளைகள். அதிலும் ஒன்று துரை பங்களாச் சமையல்காரர் வீட்டுப் பிள்ளை, வேறு போக்கிடம் இல்லாதது. இப்படியே போனால் மாதக் கடைசியில் கொட்டகையைப் பூட்டிவிட்டு உன்னை மலைக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று கிராணி சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் பஸ் ஏறி அடிவாரத்துத் தாப்பா டவுனுக்கு இறங்கினோம். அந்த வளைவு ரோட்டில் அம்மா வழியெல்லாம் வாந்தி எடுத்தாள், ஒவ்வொரு வாந்திக்கும் நடுவில் என் முகத்தைத் திட்டினாள். தாப்பாவில் ஒரு பெரிய மருந்துக்கடை. கடைக்காரச் சீனப் பெண்ணிடம், முகம் சிவக்கிறது, எரிகிறது, முகம் கழுவ ஏதாவது வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவள் முதலில் எடுத்து வைத்தது ரோஸ் நிறத்தில் ஒன்று. மூடியைத் திறந்ததும் கல்யாண வீட்டு வாசம். அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது.

“இதையே வாங்குடி. எவ்வளவு வாசமா இருக்கு.”

“வாசம் வந்தா வேணாம்னு துரை சொன்னாரும்மா.”

“அவரு மூஞ்சி மட்டும் என்ன வாழுதாம்?”

அடுத்து ஒரு பச்சை நிறத்து டப்பா. புதினா போட்டது, ஜில்லென்று இருக்கும், தோல் இறுகும் என்றாள் கடைக்காரி. அடுத்தது பருவுக்கு, நுரை பொங்கும், எண்ணெயெல்லாம் எடுத்துவிடும் என்றாள். ஒவ்வொன்றும் என் முகத்தை எதிரியாக நினைத்துச் செய்தது போலவே இருந்தது. ஒன்றுமே செய்யாதது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் குனிந்து, ஆஸ்பத்திரிச் சாமான்கள் இருந்த அடித்தட்டிலிருந்து தூசி துடைத்து ஒரு வெள்ளைப் புட்டியை எடுத்தாள். தோல் உரிந்து கிடக்கிற நோயாளிகளுக்குக் கழுவுவதற்கு இதைத்தான் வாங்கிப்போவார்கள் என்றாள். வாசனை இல்லை, நிறம் இல்லை. பார்க்க ஆறிப்போன கஞ்சி.

உடனே வாங்கவில்லை. எத்தனை தடவை ஏமாறுவது. கடைக்காரியிடம் கேட்டு, காதுக்குக் கீழே தாடை ஓரத்தில், வலது பக்கம் அந்த ரோஸ் நிறத்தைக் கொஞ்சம், இடது பக்கம் இந்தக் கஞ்சியைக் கொஞ்சம் தடவிக் கழுவிக்கொண்டு, எதிரே நூடுல்ஸ் விற்கும் மீ கடையில் போய் உட்கார்ந்தோம். வாந்தி எடுத்துக் காலியான வயிற்றுக்கு அம்மா ஒரு தட்டு மீ முழுசாகச் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டு முடிக்கும் முன்னே வலது பக்கம் குளவி கொட்டினது போல் தடித்தது. இடது பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், எரியவில்லை, இழுக்கவில்லை, அரிக்கவில்லை. ஒரு பொருள் பட்டு என் முகத்தில் ஒன்றுமே நடக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அம்மா கோப்பையிலிருந்த காப்பியைக் குடிக்கப் போய், சூடு என்று ஞாபகம் வந்து வைத்துவிட்டேன்.

புட்டி வீட்டுக்கு வந்தது. சண்டையும் கூடவே வந்தது. காலையில் பச்சைத் தண்ணீரில் முகத்தை நனைத்து, அந்தக் கஞ்சியை விரல் நுனியால் மெல்லத் தடவி, அலசி, பழைய மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அம்மாவால் இதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“நுரையே வரலியேடி.”

“வரக்கூடாதும்மா.”

“நுரை வராம அழுக்கு எப்படிடி போவும்? நீ அதத் தொரத்துறியா, கொஞ்சுறியா?”

முதல் வாரம் எனக்கே அவள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. முகம் கழுவாத மாதிரியே இருக்கும். அரிக்கும். கை தானாகப் பீர்க்கங்காய் நாரைத் தேடிப் போகும். கட்டிச் சவர்க்காரத்தை எடுத்து ஒரே ஒரு தடவை கிறீச்சென்று தேய்த்துவிட்டால் என்ன சுகமாக இருக்கும் என்று கிணற்றடியில் நின்று ஏங்கியிருக்கிறேன். கடைசியில் அம்மாவிடமே சொல்லி அந்த நாரை என் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கச் சொன்னேன். தேத்தண்ணியை ஆறவைத்துக் குடித்தேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து ஆறின தேத்தண்ணி குடித்த பாவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சம்பலை விட்டேன். கொட்டகையில் முதலில் பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு, தாய்மார்கள் வருவதற்கு முன் வெளியே வந்து நின்று மூஞ்சியை ஆறவிட்டேன்.

கிராணி சொன்ன மாதக் கடைசி வந்தது. துரை இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று சொன்னாராம். அதற்குள் எரிச்சல் நின்றிருந்தது. பிறகு பருக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சிவப்பு முழுக்கப் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை. ஆனால் செம்புச் சட்டி மண்சட்டியாகிவிட்டது. ஒருநாள் காலை இரண்டு பேர் பிள்ளைகளோடு வாசலில் வந்து நின்றார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது. வாங்கிக்கொண்டேன். அதில் ஒருத்தி என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, தலையைத் தடவி, “நல்ல வேள, வுட்டுட்ட. இனிமே அந்தக் கருமத்தத் தொட்டுடாத,” என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் பெரட்டுக்குப் போய்விட்டாள். அதாவது ஆயா குடியை விட்டுவிட்டாளாம். திருந்திவிட்டாளாம். அவளுக்கு எவ்வளவு மனஉறுதி பார் என்று லைனுக்கு லைன் பாராட்டு. நாளுக்கு ஒன்றிரண்டாகப் பிள்ளைகள் திரும்பி வந்தன, ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு புத்திமதியும் வந்தது. ஒருத்தி புருஷனையே இழுத்துவந்து என்னைக் காட்டி, “ஒரு பொம்பள விட்டிருக்கா, உன்னால முடியாதா?” என்று கேட்டாள். அவன் என்னைப் பொறாமையோடு பார்த்தான். நான் தொட்டதே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று தட்டிக்கொடுத்தார்கள். கொட்டகை தப்பித்தது, பெயர் தப்பவில்லை. ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கெல்லாம் காரணமானவள் கையில் கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் பிள்ளை மட்டும்தான் இன்னும் வரவில்லை.

அவளே வந்தாள். ஒரு மத்தியானம், நல்ல மழை, பிள்ளைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. மலையிலிருந்து நேராக இறங்கி வந்திருக்கிறாள். கூடையைக்கூடக் கழற்றவில்லை. நெஞ்சோடு பிளாஸ்டிக்கில் சுற்றி அந்தக் குழந்தை. உதடு வெளுத்து, மூச்சுக்கு மூச்சு விசில் அடித்தது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டேன். ஈரத்துணியை உருவி, துடைத்து, நெஞ்சில் தைலம் தேய்த்து, என் போர்வையில் சுற்றித் தோளில் போட்டு முதுகைத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கி என் கழுத்தில் மூக்கை வைத்துத் தூங்கிவிட்டது. அப்புறம்தான் அவள் பக்கம் திரும்பினேன். மாதக்கணக்கில் ஊறவைத்த வசவு வாய் நிறைய இருந்தது.

“எல்லாரும் சொல்றாங்க, நீ விட்டுட்டேன்னு,” என்றாள் அவள் முந்திக்கொண்டு.

“அக்கா, நான்…”

“எப்படி விட்ட?” என்றாள். குரலே எழும்பவில்லை. “நானும் எத்தனையோ தடவ பாத்துட்டேன். என்னால முடியலடி. இன்னிக்கிக் காலைலகூட.”

தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். சிவப்பு ஒன்றும் இல்லை, வழவழவென்று நல்ல கறுப்பு, தோட்டத்திலேயே களையான முகம். அதைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. குடிகாரி கையில் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று அவள் சொன்னபோதெல்லாம் தன் கையை நினைத்துத்தான் நடுங்கியிருக்கிறாள்.

எனக்குக் கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். போகவில்லை. ஆனால் நான் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை என்ற உண்மையை அப்போது அவளிடம் சொன்னால், விட்டவள் என்று தோட்டத்தில் அவள் நம்பிவந்த ஒரே ஆளும் இல்லாமல் போய்விடுவாள். தோளில் பிள்ளை வேறு தூங்கிக்கொண்டிருந்தது.

“கஷ்டந்தான்க்கா,” என்றேன். “மொத வாரம் உயிரே போவும்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நான் சவர்க்காரத்தை விட்ட கதையைச் சம்சு என்று சொல்லி ஆரம்பித்தேன். கை தானாகப் போகும் என்றேன். ஒரே ஒரு தடவை என்று மனசு கெஞ்சும் என்றேன். அம்மாவிடம் சொல்லி ஒளித்து வைக்கச் சொன்னேன் என்றேன். விட்ட பிறகு ஏதோ குறைந்து போன மாதிரி இருக்கும், அரிக்கும், எல்லாரும் இதனால் என்ன ஆகப்போகிறது என்பார்கள், அதைத் தாண்டிவிட்டால் போதும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை ஆட்டினாள். “ஆமாடி, அப்படித்தான், அப்படித்தான்,” என்றாள்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் அவள்தான் வந்தாள், இருட்டோடு. பிள்ளையை என் கையில் கொடுத்தாள். பெரட்டுக்கு ஓடாமல், அங்குமிங்கும் பார்த்துவிட்டு, என் முகத்துக்கு நேராக வந்து வாயைத் திறந்து ஊதினாள். மோந்து பாரு என்றாள். பழைய சோற்று வாசம்தான் அடித்தது.

“சரி, நேரமாச்சு, போக்கா,” என்றேன். “நாளைக்கும் வந்து ஊதணும்.”